ஜப்பான் வீட்டு மேஜை

"இந்த ஆள் ஜப்பான்ல கீறாரா, இல்லையா? அத மட்டும் சொல்லிடுங்க சார். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

புவனா தன் போனை எங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுச் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை. பக்கத்துக் கடைகளில் சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை. அந்த வேளையில் எங்கள் மாடிப்படி ஏறி வருகிற பெண், ஒன்று, புருஷனைத் தேடி வருவாள், இல்லை புருஷனிடமிருந்து தப்பித்து வருவாள். இவள் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடி வந்திருந்தாள்.

எங்கள் அலுவலகம் திருத்தணியில் அரக்கோணம் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. பெயர்ப்பலகையில் எலியேசர் சார் பெயர் மட்டும்தான். இன்சூரன்சுக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். நசுங்கிய பம்பரைப் பார்த்தே டிரைவர் யாரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டு வந்தான் என்று சொல்லிவிடுவார். நான் யோகலட்சுமி. உதவித் துப்பறிவாளர் என்று என்னை நானே சொல்லிக்கொள்கிறேன். ஸ்கூட்டர் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான், பெட்ரோலுக்குத்தான் அவர்.

"வீடியோவப் போடும்மா," என்றார் சார்.

திரையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர். தலையில் மங்கி குல்லா, கழுத்துவரை ஸ்வெட்டர். பின்னால் மரச்சட்டத்தில் வெள்ளைத்தாள் ஒட்டிய தள்ளுகதவு. தரை முழுக்கப் பாய். நடுவில் குட்டையாக ஒரு மேஜை, அதன் நாலு பக்கமும் தொங்குகிற கெட்டிப் போர்வை. அவர் போர்வைக்குள் காலை விட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இதான்பா ஜப்பான் மேஜ. தரையிலயே பள்ளம் எடுத்து வெச்சிருக்கான். காலத் தொங்கப் போட்டுகினு ஒக்காந்தா அடியிலேர்ந்து கதகதன்னு வருது. வெளிய பனி கொட்டிகினு கீது."

பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். "அது இன்னா சத்தம்ணே?" என்று இந்தப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"ரயிலுப்பா. இங்க ஒண்ணு போனா ஒண்ணு வந்துகினே இருக்கும்."

அவர் பேசப் பேச மேஜைமேல் இருந்த டம்ளரில் டீ தளும்பியது. "மேஜ ஆடுதே?" என்றது அதே குரல்.

"பூகம்பம்! தெனமும் வரும். நாங்கல்லாம் கண்டுக்கறதில்ல."

நாங்களாம். அதற்குள் ஜப்பான்காரர்களோடு சேர்ந்துவிட்டார். நான் சிரிப்பை அடக்குவதற்குள் ஒரு பெண்குரல் அவசரமாக, "சரி சரி, வெச்சிடறேன்," என்றது. திரை அணைந்தது.

"கேள்வி கேட்டது என் வூட்டுக்காரரு துளசிங்கம். போன வெச்சது தேவயானி அக்கா, ஜப்பான்ல கீறவரோட சம்சாரம். அவங்க வீடியோ கால் பேசறப்ப நான் என் போன்ல புடிச்சது இது," என்றாள் புவனா.

மனிதரின் பெயர் பக்தவச்சலம். பெயரைச் சொன்னதும் எனக்கும் தெரிந்துவிட்டது. திருத்தணியில் தெரியாதவர்கள் இருக்க முடியாது. மலையடிவாரத்தில் சேலைக்கடை வைத்திருந்தவர். ஜப்பானில் காலியாகக் கிடக்கிற வீடுகளை வெளிநாட்டுக்காரர்களுக்கும் விற்கிறார்கள், சென்னையில் ஒரு பிளாட்டுக்குக் கொடுக்கிற முன்பணத்தில் தோட்டத்தோடு முழு வீடே கிடைக்கிறது என்று சென்னை ஏஜெண்ட் ஒருவன் காட்டிய படங்களைப் பார்த்துக் கடையை விற்று வீடு வாங்கினார். போன மாசம்தான் மேளம் வைத்து வழியனுப்பினார்கள். 'ஜப்பான் மண்ணில் கால் பதிக்கும் எங்கள் அண்ணன்' என்று கூலிங் கிளாஸ் போட்ட அவர் படத்தோடு பேனர் ஒன்று பஸ் ஸ்டாண்டு எதிரில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

"அதப் பாத்துட்டு இவரும் பைத்தியம் புடிச்சி அலையறாரு சார். திருவாலங்காட்டுல எங்களுக்குக் கரும்பு நிலம் கீது. சோறு போடறது அதான். அத வித்துட்டு அதே ஏஜெண்டுகிட்ட வூடு வாங்கப் போறாராம். இன்னிக்கி ராகு காலம் முடிஞ்சதும் தேவயானி அக்கா வூட்ல ஒக்காந்து ஜப்பானுக்கு வீடியோ போடுவாங்க. பக்தவச்சலம் அண்ணன் வாயால நல்ல வார்த்த ஒண்ணு வாங்கிகினு, நேரா ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் கையெழுத்து." அவள் கண் கலங்கியது. "ரெண்டு பொண்ணுங்க சார் எனக்கு. பனியில நின்னு நான் இன்னா பண்ணுவேன்?"

"உங்களை இங்க யாரும்மா அனுப்பிச்சது?"

"அது மட்டும் கேக்காதீங்க. சொல்லக்கூடாதுன்னு என் பொண்ணு தலமேல சத்தியம் வாங்கியிருக்காங்க."

சார் வீடியோவை மறுபடி போட்டார். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு. பிறகு, "சேலைக்கடைக்கு முன்னாடி அவர் என்ன தொழில்?" என்றார்.

"தறிதான். சொந்த ஊரு அம்மையார்குப்பம். அவரு அக்கா இன்னும் அங்கதான் கீறாங்க. கண்ணாலம் ஆகி ரொம்ப நாள் கழிச்சித்தான் இங்க வந்து கடை போட்டாங்க."

சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "யோகா, வண்டிய எடு. ராகு காலம் முடியறதுக்குள்ள நாம ஜப்பான் போயிடணும்."

"பாஸ்போர்ட் வீட்ல இருக்கு சார்."

"வேணாம். லைசென்ஸ் போதும்."

*

பங்குனி வெயில் ஹெல்மெட்டுக்குள் புகுந்து உச்சந்தலையைப் பிடித்தது. பின்னால் உட்கார்ந்துகொண்டு சார் என் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தார்.

"ரயில்னா வரும், போகும். சத்தம் பெருசாகும், சிறுசாகும். அந்த வீடியோவுல சத்தம் வரவும் இல்ல, போகவும் இல்ல, கவனிச்சியா?"

"நின்னுகிட்டே இருக்கிற ரயிலப் பாத்திருக்கேன் சார். நின்னுகிட்டே ஓடுற ரயில இப்பதான் கேக்கறேன்."

"பவர்லூம் அது! பக்கத்து வூட்ல தறி ஓடுது. இவருக்குப் போக்கிடம்னு வேற ஏது? சொந்த ஊருதான்."

"அப்ப பூகம்பம்?"

"அத அங்க போய்ச் சொல்றேன்," என்றார். இதுதான் இவரிடம் எனக்குப் பிடிக்காதது. பாதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வார்.

அம்மையார்குப்பத்தில் தெருவுக்குத் தெரு அந்த 'ஜப்பான் ரயில்' ஓடிக்கொண்டிருந்தது. தறிக்கு நூல் பாவு ஏற்றிய உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் குறுக்கே போனார்கள். சார் வண்டியை நிறுத்தச் சொல்லி, குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண்மணியிடம் மெல்லக் கேட்டார். "பக்தவச்சலத்தோட அக்கா வூடு எதும்மா?"

"அவுரு ஜப்பான்ல கீறாரு," என்றாள் அந்த அம்மாள் படக்கென்று.

நாங்கள் அக்காவைத்தான் கேட்டோம். நான் சாரைப் பார்த்தேன், சார் என்னைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கும் புரிந்துவிட்டது போல. குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்க்க நேரமில்லை. இங்கேதான் உதவித் துப்பறிவாளருக்கும் மூளை உண்டு என்பதை நான் நிரூபித்தேன். சந்துக் கோடியில், ஒரு ஓட்டு வீட்டின் கொல்லைக் கொடியில் லுங்கி, துண்டு, அவற்றுக்கு நடுவில் கனமான சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"சார், இந்த ஜில்லாவுலயே பங்குனியில ஸ்வெட்டர் தொவைக்கிற வூடு ஒண்ணுதான் இருக்கும்."

சார் பதில் சொல்வதற்குள் கொல்லைக் கதவு சாணளவு திறந்தது. ஒரு கை வந்தது. ஸ்வெட்டரை மட்டும் உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

கதவைத் தட்டவில்லை. சார் தள்ளினார், திறந்துகொண்டது.

உள்ளே அடுப்பங்கரை போலக் கொதித்தது. ஃபேனை நிறுத்தி வைத்திருந்தார். ஓடினால் சத்தம் கேட்கும், தாள் கதவு வேறு படபடக்கும் அல்லவா. அந்தக் கதவு பட்டம் விடுகிற தாளைப் பழைய மரச்சட்டத்தில் பசை போட்டு ஒட்டியது. பாய், சாதாரணக் கோரைப்பாய். நடுவில் போர்வை மூடிய மேஜை. அதற்குப் பின்னால் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாகப் பக்தவச்சலம், போனைச் செங்கல்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அழைப்புக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

சந்தர்ப்பத்தை விடுவேனா? போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள்.

"மிஸ்டர் பக்தவச்சலம்," என்றார் சார் வாசற்படியிலேயே நின்று. இந்த மாதிரி வசனத்துக்காகவே தொழிலுக்கு வந்தவர். "வண்டி ஓட்டிப் பழகினவன் பக்கத்து சீட்ல ஒக்காந்தாலும் அவன் கால் பிரேக்கைத் தேடும். தறியில ஒக்காந்து வளர்ந்தவன் கால் என்ன தேடும்?"

குனிந்து போர்வையைத் தூக்கினார். கீழே பள்ளம். செங்கல் சரிந்த, நெசவாளி கால் விட்டு உட்கார்கிற பழைய தறிக்குழி. தறிச்சட்டத்தைக் கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள், மிதிபலகை இரண்டு மட்டும் அடியில் கிடந்தன. பக்தவச்சலத்தின் வெறுங்கால்கள் அவற்றின்மேல் இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை அவருக்குத் தெரியாமலே இடதும் வலதுமாக மிதித்துக்கொண்டிருந்தன. முழங்கால் மேஜையில் இடித்து, டம்ளர் ஆடியது.

"பூகம்பம்," என்றேன் நான்.

அவர் காலை நிறுத்தினார். ஓடவில்லை, கத்தவில்லை. குல்லாவை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவரால் ஒளிந்துகொள்ள முடிந்தது. என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

சார் கவனிக்கவில்லை. வசனத்தின் இரண்டாம் பாதி அவருக்கு மீதி இருந்தது. "ஆக, ஜப்பான்ல உங்களுக்கு வீடே கிடையாது. ஏஜெண்ட் ஏமாத்திட்டான். அத மறைக்க..."

"கீது சார்."

"என்ன?"

"வூடு கீது." ஸ்வெட்டரைத் தூக்கி, அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார். பித்தளைச் சாவி ஒன்று. வேர்வையில் பளபளத்தது. "நகானோன்னு மலப்பக்கம். என் பேர்லதான் பதிஞ்சிருக்கு. வக்கீல வெச்சிக்கூடப் பாத்துட்டேன், எல்லாம் சுத்தம். ஏஜெண்டு பொய் சொல்லல. வெளிநாட்டுக்காரன் வாங்கலாம்னான், வாங்கினேன். சாவி கூரியர்ல வந்துச்சி. அந்த வூட்ல நெஜமாவே இந்த மாதிரி மேஜ கீது சார். படத்தப் பாத்துத்தான் இத செஞ்சேன்."

சார் குனிந்து சாவியைப் பார்த்தார். அவர் தப்பாகச் சொல்லி நான் பார்ப்பது அபூர்வம். வேறு ஒரு நாளாக இருந்தால் அதை ஒரு மாதம் சொல்லிக் காட்டியிருப்பேன்.

"அப்புறம் ஏன் இங்க..."

"உள்ள உட மாட்டேங்கறாங்க சார். வூடு இருக்கறதுக்கும் அந்த நாட்டுல இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்லயாம். வூட்டுக்காரன்னு தனியா விசா கெடயாது. சரி, சுத்திப் பாக்கவாவது போறேன்னு கேட்டேன். அங்க சொந்த வூடு இருக்குன்னு பெருமையா எழுதினேன். வூடே இருக்கறவன் திரும்பி வருவானான்னு சந்தேகப்பட்டாங்களோ இன்னாவோ, இல்லன்னுட்டாங்க."

"வாங்கறதுக்கு முன்னாடியே இதக் கேட்டிருக்கலாமே ஐயா?" என்றேன். கிண்டலாகக் கேட்கவில்லை.

"இன்னான்னும்மா கேப்பேன்? நம்ம வூட்டுக்கு நாம போறதுக்கு யாரக் கேக்கணும்? கேக்கணும்னே எனக்குத் தோணல." சாவியை உள்ளங்கையில் புரட்டினார். "கூரமேல பனிய வழிக்கலன்னா வூடு அப்படியே உக்காந்துடுமாம். அதுக்கு அங்க ஒரு ஆள வெக்கணும். வருஷா வருஷம் வரி கட்டணும். நான் பாக்காத வூட்டுக்கு."

"ஏர்போர்ட் வரைக்கும் வேன் வெச்சி வந்து அனுப்பிச்சாங்களே?" என்றேன் நான்.

அவர் சாவியை மறுபடி கயிற்றில் முடிந்தார். வெளியே பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"விசா இல்லன்னு கெளம்பறதுக்கு மொத நாளே தெரிஞ்சிபோச்சி. மேளம் சொல்லியாச்சி, பேனர் கட்டியாச்சி. மலைக்கோயில்ல மாலை வாங்கி வெச்சிகினு எல்லாரும் நிக்கறாங்க. எப்படிச் சொல்றது? கடை வாசல்ல நின்னுகினு போறவங்க வரவங்களையெல்லாம் 'வாங்கம்மா, உள்ள வந்து பாருங்கம்மா'ன்னு கூவிக் கூவியே என் ஆயுசு போச்சி. திரும்பிப் பாக்காமப் போவாங்க. அந்த ஒரு வாரந்தான் இந்த ஊரு என்ன அண்ணாந்து பாத்துச்சி. அத உட மனசு வரல சார். டிக்கெட்டக் காட்டி உள்ள போனேன். கண்ணாடிக்கு அந்தாண்டயிருந்து எல்லாரும் கை ஆட்டினாங்க, நானும் ஆட்டினேன். வேன் போறவரைக்கும் அங்கயே ஒரு நாற்காலியில ஒக்காந்திருந்தேன். அப்புறம் மாலைய மடிச்சிப் பையில வெச்சிகினு பஸ் ஏறிட்டேன். அக்காவும் அக்கா வூட்டுக்காரரு பாவாவும் ஏதும் கேக்கல. இந்தக் கொல்லை வூட்டத் தொறந்து உட்டாங்க."

எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் நின்றது. கையில் மாலையோடு, எங்கேயும் போகாத ஒருவர்.

சார் எதிரில் உட்கார்ந்தார். வசனம் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "துளசிங்கம் இன்னிக்கி நிலத்த விக்கறாரு, தெரியுமா உங்களுக்கு?"

"நானும் வாங்கப் போறேன்னு போன வாரம் சொன்னான். சும்மா சொல்றான்னு நெனச்சேன்." முகம் மாறியது. "இன்னிக்கா?"

"இன்னிக்கித்தான். உங்ககிட்ட நல்ல வார்த்த கேட்டுட்டு நேரா போய்க் கையெழுத்து. அவரு இடுப்புல கட்டப்போறதும் இப்படி ஒரு சாவியத்தான்."

"ஐயோ... புவனா? அந்தப் பசங்க?" அவர் என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களே சொல்லிடுங்களேன் சார்? நான் இருட்டினப்புறம் பஸ் புடிச்சி வந்துடறேன். யாரும் பாக்காதப்ப. ஒரே ஒரு..."

செங்கல்மேல் இருந்த போன் பாட ஆரம்பித்தது. ராகு காலம் முடிந்துவிட்டது.

திரையில் 'தேவயானி' என்று வந்தது. சார் போனைத் தொடவில்லை. "நாங்க சொன்னா பொறாமையில சொல்றோம்பாங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க," என்றார் மெதுவாக. என்னை இழுத்துக்கொண்டு தாள் கதவுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினார்.

பக்தவச்சலம் பொத்தானை அழுத்தினார். கதவு இடுக்கு வழியாக எனக்குத் திரை தெரிந்தது. ஹால் நிறைய ஆட்கள். முன்னால் வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு துளசிங்கம். பக்கத்தில் தாம்பூலத் தட்டு. சுவரோரம் புவனா. போனைப் பிடித்திருந்த தேவயானி மட்டும் தெரியவில்லை.

"அண்ணே! எப்படி கீற? பனி இன்னும் கொட்டுதா?"

பழக்கதோஷம்தான். வாய் தானாக ஓடியது. "ஆங், கொட்டிகினு கீதுப்பா. இன்னிக்கி ஜாஸ்தி." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேஜை இடதும் வலதுமாக ஆட ஆரம்பித்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, நிலத்த முடிச்சிட்டேன். கெளம்பறேன். உன் வாயால ஒரு நல்ல வார்த்த சொல்லுண்ணே. உன்னத்தான் நான் அண்ணாந்து பாத்துகினு இருக்கேன்."

மேஜை நின்றது.

டம்ளரில் டீ அசையவில்லை. பக்தவச்சலம் இரண்டு கையாலும் மங்கி குல்லாவைக் கழற்றினார். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. போர்வையை உருவினார். மேஜையை ஒரு பக்கமாகத் தள்ளினார். போனை எடுத்துக் கீழே திருப்பிக் காட்டினார்.

"இது தறிக்குழிப்பா. அம்மையார்குப்பத்துல எங்க பாவா வூட்ல, நான் அப்ப தறி ஓட்டின குழி. ஒரு மாசமா நான் இங்கதான் கீறேன். ஜப்பான்ல வூடு கீது. அங்க போக எனக்கு வழியில்ல. உனக்கும் இருக்காது. நிலத்த விக்காத துளசிங்கம். நல்ல வார்த்த இதான்."

 துளசிங்கத்தின் குரல், சின்னப் பையன் குரல் மாதிரி கேட்டது. "பூகம்பம்னு சொன்னியேண்ணே."

"சொன்னேம்பா."

தாம்பூலத் தட்டை யாரோ நகர்த்தும் சத்தம். பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான், இன்னொருவன் அவனை அதட்டினான். பக்தவச்சலம் போனை நிமிர்த்தினார். அந்தப் பக்கம் போன் திரும்பியது. முதல்முறையாகத் தேவயானியின் முகம் திரைக்கு வந்தது. அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

பக்தவச்சலம் போனைத் தவறவிடப் பார்த்தார்.

"மொத வீடியோவுலயே தெரியும். மேஜ ஆடிச்சி. கண்ணாலம் ஆன புதுசுல அந்தக் குழிக்கு எதிர்லதான நான் ஒக்காந்து தார் சுத்தினேன்? உன் கால் எப்படி மிதிக்கும்னு எனக்குத் தெரியாதா?" நூல் சுற்றிக் கொடுத்த அந்தக் கைதான் இப்போது போனைப் பிடித்திருந்தது. "தெரிஞ்சும் வாயத் தொறக்கல. ஜப்பான்காரரு வூட்டம்மான்னு கோயில்ல முன்னாடி நிக்க வெச்சாங்க. நானும் போய் நின்னேன். நல்லாத்தான் இருந்திச்சி. துளசிங்கம் நிலத்த விக்கறான்னு தெரிஞ்சப்புறம்கூட என் வாயால சொல்ல முடியல. சத்தியம் வாங்கிகினு புவனாவ அந்த சார்கிட்ட அனுப்பிச்சேன். உன்ன நானே காட்டிக் குடுத்தேன்."

எங்கள் உண்மையான கட்சிக்காரர் யார் என்று சாருக்கும் எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. பூகம்பத்தைக் கண்டுபிடித்த மேதை தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ராத்திரிக்கு வந்துடறேன் தேவயானி."

"ராத்திரி வேணாம். பகல்லயே வாய்யா. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்."

*

"நீ அவர்கூட பஸ்ல போ. நடுவுல எங்கயாவது எறங்கிடப் போறாரு," என்று சொல்லிவிட்டு சார் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டார். அவருக்கும் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லிக் காட்டவில்லை.

பஸ்ஸில் பக்தவச்சலம் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்திருந்தார். பேச்சுக் கொடுக்கலாம் என்று, "அந்த வீட்ட வித்துடலாமே ஐயா?" என்றேன்.

"யாருக்கும்மா விக்கறது? என்ன மாதிரி இன்னொருத்தனுக்கா?"

 போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தேன். மங்கி குல்லா, சொட்டுகிற வேர்வை, அழைப்புக்காகக் காத்திருக்கிற முகம். இதைப் பார்த்தா சிரித்தேன் என்று என்மேலேயே எனக்குக் கூசியது. அழித்தேன். அழித்த பிறகும் கூச்சம் போகவில்லை.

திருத்தணி வந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரில், கூலிங் கிளாஸ் போட்ட பக்தவச்சலத்துக்கு நேர் கீழே தேவயானி நின்றுகொண்டிருந்தாள். பூக்கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், வேலையில்லாமல் வந்தவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம். செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டிருந்தது. துளசிங்கமும் புவனாவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். துளசிங்கம் பஸ் பக்கம் திரும்பவே இல்லை. புவனா மட்டும் இரண்டு கையையும் கூப்பினாள்.

பக்தவச்சலம் படியில் நின்று பேனரைப் பார்த்தார். பிறகு இறங்கினார். தரையில் கால் பட்டதும் லேசாகத் துள்ளியது. அப்போதுதான் நானும் கவனித்தேன். வந்த பதற்றத்தில் செருப்பை அம்மையார்குப்பத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

தேவயானி பையையும் ஸ்வெட்டரையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"செருப்பு எங்கய்யா?"

"மறந்துட்டேன்."

"சுடல?"

"சுடுது," என்றார்.

அவர்கள் வீட்டுக்குச் சந்து வழியாகவும் போகலாம். நிழல் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்காது. அவர் கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. தேவயானி நிற்கவில்லை. கடைத்தெரு வழியாக நேராக நடந்தாள். கொஞ்ச தூரம் போய், தன் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் அவளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். எல்லோரும் பார்த்தார்கள்.